கரும்புக் கட்டுக்குள் ஆறு குழாய்

யுத்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்த காலம். தைப்பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருந்த சோதனைச் சாவடியில் நடந்தது இது.

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கட்டுகஸ்தோட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் தொடங்கிய கடை. அவர் கண்ணை மூடியதும், ஒரு பொம்பளை எப்படி இரும்புக் கடை நடத்துவாள் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களே பிறகு என்னிடம் பழைய தகரம் விற்க வந்தார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஒரு உலோகத் துண்டைக் கல்லில் தட்டிச் சத்தத்தைக் கேட்டால் போதும், பித்தளையா, வெண்கலமா, முலாம் பூசிய இரும்பா என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். காந்தம் வைத்துச் சோதிக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், மஹியாவையில். மேல் அறையை ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கட்டட வரைபடம் வரைகிற உத்தியோகம். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர், கல்யாணம் செய்யாதவர், சட்டை கசங்காமல் நடக்கிறவர். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. பதியப் போன அன்றைக்கு, "இவருக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிப் படிவத்தில் என் கோணல் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன். நான் அவரைச் சார் என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

இவ்வளவு ஒழுங்கான மனிதரிடம் ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. ரிமோட்டில் ஓடுகிற ஒரு கார். வெளிநாட்டில் இருக்கிற தம்பி அனுப்பியது. அது மற்ற விளையாட்டுக் கார்களைப் போல விர்ரென்று ஓடாது. நான்கு பெரிய ரப்பர்ச் சில்லோடு ஆமை போல ஊர்ந்து ஊர்ந்து கல்லில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஹந்தானை மலை அடிவாரத்துப் பாறைக்குப் போய்விடுவார். அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் அக்குறணையில் மணிக்கூடு திருத்துகிற முஸ்லிம் நானா. மற்றவர் ஒரு சிங்களப் பல் டொக்டர். மூன்று பேரும் வயது வந்த ஆம்பளைகள். பாறைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, யாருடைய கார் முதலில் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"என்னா சார், இந்த வயசுல பொம்ம காரு?" என்று நான் கேட்பேன்.

"இது பொம்மை இல்லையக்கா. இதுக்குப் பேர் க்ரோலர்."

"பேரு என்னவா இருந்தா என்னா, கல்யாணம் கட்டியிருந்தா இந்நேரம் புள்ளைங்க இத வச்சு வெளையாடிருக்கும்."

"அதுக்காகத்தான் கட்டேல்லை. குடுக்க வேண்டி வந்திருக்கும்."

அந்த வருடம் பொங்கலுக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை குருணாகலில் இருந்தும் சிலர் கார்களோடு வருவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து இவருடைய காரின் சேஸி, அதாவது அடிச்சட்டம், வெடித்துப்போயிற்று. பிளாஸ்டிக் சேஸி. நடுவில் கீறல் விழுந்து, நூல் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். இனிமேல் பிளாஸ்டிக் வேண்டாம், மெல்லிய உலோகக் குழாயை வளைத்து ஒட்டிக் கூடு மாதிரி ஒரு சேஸி தானே செய்யப்போகிறேன் என்று ஒரு நாள் கந்தோர் விட்டதும் நேராக என் கடைக்கு வந்து நின்றார். கையில் ஒரு கடதாசி. அதில் அவர் வரைந்த படம். பார்த்தால் காருக்கு எலும்புக்கூடு போட்டதுபோல இருந்தது.

"அக்கா, குழாய் வேணும். பென்சில் தடிப்பு. அதுக்கு மேல வேண்டாம்."

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு வருடமாக என் வீட்டில் இருக்கிறார், என் தொழிலில் ஒன்று கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. கடையில் எனக்கு உதவியாளர் யாரும் இல்லை. நானே உள்ளே போய், பழைய டீவி அன்டெனாவில் கழற்றிய அலுமினியக் குழாய்களில் நல்லதாக நான்கு எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். வெள்ளி மாதிரி மின்னின.

அவர் ஒன்றைக் கையில் எடுத்தார், எடை பார்த்தார், திருப்பி வைத்தார்.

"பாரம் குறைவு, நல்லது. ஆனா அலுமினியத்தை என்ர சின்ன காஸ் டோர்ச்சில ஒட்டேலாது. ஒட்டுறதுக்கு முந்தி உருகிப் போகும்."

"சரி, அப்ப செம்பு எடுங்க." பிரிட்ஜில் இருந்து கழற்றிய செம்புக் குழாய். அதை இரண்டு விரலால் அழுத்தினார். வளைந்தே போயிற்று. "ஒரு கல்லில விழுந்தா சப்பையாப் போயிடும்" என்றார்.

அடுத்தது பித்தளை. ஒரு பணக்கார வீட்டுத் திரைச்சீலைக் கம்பி. தட்டிக் காட்டினேன், கோவில் மணி மாதிரி நின்று பேசியது. இதைவிட நல்ல பித்தளை கண்டியில் கிடையாது என்று சொன்னேன்.

"பித்தளை நல்லாத்தான் ஒட்டும். ஆனா பாரம். கார் ஏறேக்கை மேல்ப் பக்கம் பாரமா இருந்தா பின்னுக்குக் கவிண்டிடும்."

எனக்குக் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. "சார், பொண்ணு பாக்கப் போயும் இப்படித்தான் ஒவ்வொண்ணுக்கும் கொற சொல்லிட்டு வந்தீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே கடையின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு பழைய லொறியின் அடிப்பாகத்தில் இருந்து கழற்றிய பிரேக் குழாய்கள் மூலையில் கிடந்தன. அசிங்கமான சாமான். கறுப்பு எண்ணெய் பிடித்து, தூசி ஒட்டி, வாடிக்கையாளருக்குக் காட்டவே வெட்கமாக இருக்கும். கிலோ கணக்கில் உருக்கப் போகிற இரும்பு என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு முனையைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார். வளையவும் செய்தது, விட்டதும் நிமிரவும் செய்தது. அவருடைய முகம் மாறிவிட்டது.

"இதுதான், அக்கா."

"இதுவா? என்னா சார், தங்கம் மாதிரி பித்தளைய விட்டுட்டு லொறியோட மூத்திரக் கொழாய எடுக்கிறீங்க?"

"ஒரு லொறியையே நிப்பாட்டுற குழாய். என்ர காரைத் தாங்காதோ?"

நேராக இருந்த நான்கு குழாயைப் பொறுக்கினார். ஒவ்வொன்றும் நாலடி இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளேயும் பார்த்தார். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. தட்டிக் கேட்டால் தெரியாதா? பிறகு ஒரு பில் எழுதித் தரச் சொன்னார். இப்போதே கையில் கொண்டு போகிறாராம், பாலத்தடியில் கேட்டால் பில்லையும் அடையாள அட்டையையும் காட்டுவாராம்.

நான் சிரித்தேன். "சார், உங்க அட்டையில யாழ்ப்பாணம்னு இருக்கு. கையில இரும்புக் கொழா. என் பில்லு உங்கள காப்பாத்துமா? வச்சிட்டுப் போங்க. நான் கொண்டாந்து தர்றேன்."

"நீங்கள் என்னெண்டு கொண்டு வருவியள்?"

"அது என் பாடு."

அவருக்கு மனமில்லை. ஆனாலும் சரி என்று போய்விட்டார்.

இந்த இடத்தில் என் மனதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்தில் கடைத்தெரு எரிந்தபோது நாங்கள் பிழைத்ததே ஒளித்து வைக்கத் தெரிந்ததால்தான். என் தாலியைக் கோதுமை மா டின்னுக்குள் புதைத்தேன். பொட்டை அழித்தேன். ரேடியோவை விறகுக்குள் வைத்தேன். கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றித் திருப்பிப் போட்டு அதன்மேல் பழைய டயர் அடுக்கினேன். என்னையும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தன் சமையலறைப் பரணில் ஒளித்தாள். அன்றிலிருந்து எதையும் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டு போவதுதான் புத்தி என்று எனக்குள் ஊறிவிட்டது. சும்மா ஒரு புட்டுக் குழலைக்கூடப் பையின் அடியில் போட்டு மேலே கீரையை வைத்துத்தான் பஸ் ஏறுவேன்.

பொங்கலுக்கு முதல் நாள் கட்டுகஸ்தோட்டைத் தெருவில் கரும்பு வந்து இறங்கியிருந்தது. பார்த்தவுடனே எனக்கு யோசனை பளிச்சென்று வந்தது. பத்துக் கரும்பு வாங்கினேன். கடைக்குள் கொண்டுபோய், அவர் பொறுக்கிய நான்கு குழாயையும் நடுவில் வைத்தேன். பாவம், போதாமல் போனால் என்ன செய்வார் என்று, அவரிடம் கேட்காமலே இன்னும் இரண்டு குழாயை நானே தேடி எடுத்துச் சேர்த்தேன். அந்த இரண்டும் கூரைக்கு வெளியே கிடந்தவை. தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். மொத்தம் ஆறு. சுற்றிவரக் கரும்பு. மேலும் கீழும் வாழை நாரால் இறுக்கிக் கட்டி, தோகையை விரித்துவிட்டேன். நானே எட்ட நின்று பார்த்தேன். கரும்புக் கட்டு என்றால் கரும்புக் கட்டு. பொங்கலுக்குக் கரும்பு கொண்டு போகிற ஒரு விதவைப் பொம்பளையை யார் மறிக்கப் போகிறார்கள்?

கடையைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் "அக்கா" என்று குரல். திரும்பினால் அவர். அன்று லீவு போட்டு அக்குறணை நானாவிடம் போய், காரின் மோட்டார் வயரைத் திருத்திக்கொண்டு வருகிறாராம். தோளில் பை. பைக்குள் கார், ரிமோட், பற்றறி எல்லாம்.

"நாளைக்குப் பொங்கல், சாமான் பாரமா இருக்கும், ஒரு கை குடுப்பம் எண்டு இறங்கினனான்" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் கரும்புக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார்.

"வேணாம் சார், குடுங்க, நான் தூக்குறேன்."

"சும்மா வாங்கோ அக்கா. கரும்பு இவ்வளவு பாரமோ? நல்ல சாறுள்ள கரும்பு போல."

தெருவில் சனம். உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே எப்படிச் சொல்வது? பஸ்ஸுக்குள் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் முன்னால் நின்றார், நான் நடுவில் நெரிபட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இறங்கி நடந்து, சோதனை முடிந்து, அந்தப் பக்கத்தில் மறுபடி ஏற வேண்டும். அதுதான் அன்றைய வழக்கம். இறங்கிய இடத்தில் நான் கட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன்.

"குடுங்கன்னா குடுங்க சார்."

"என்னக்கா இது, சின்னப் பிள்ளையள் மாதிரி."

அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆமிக்காரனும் பார்த்தான். பெண்கள் வரிசை வேறு, ஆண்கள் வரிசை வேறு. என்னைக் கையைக் காட்டிப் பெண்கள் பக்கம் அனுப்பினார்கள். கரும்புக் கட்டு அவருடைய தோளில் ஆண்கள் பக்கம் போயிற்று.

பெண்கள் வரிசையில் என் கைப்பையைக் கிண்டிக்கொண்டிருந்த பெண் பொலிஸ் என்ன கேட்டாள் என்றுகூட எனக்கு நினைவில்லை. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று எங்கள் தெருவில் ஒருவரைக் கூட்டிப் போனார்கள், அவர் திரும்பி வர ஒன்பது மாதம் ஆனது. இவருக்கு யாழ்ப்பாணத்து அட்டை. தோளில் ஒளித்த குழாய். பையில் ரிமோட்டும் வயரும் பற்றறியும். குண்டு செய்கிற சாமான் என்றே நினைப்பார்கள். கட்டுக்குள் குழாய் இருப்பது அவருக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பக்கம் அவர் அட்டையைக் காட்டினார். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், கரும்பைப் பார்த்தான், சிரித்தான். வெயிலில் நின்று காய்ந்த பையன், நாக்கு ஊறியிருக்கும். ஒரு துண்டு தரச் சொன்னான். அவர் தாராளமாக, "எடுங்கோ, எடுங்கோ" என்று கட்டை முன்னால் நீட்டினார். அவன் நடுவில் நல்லதாக ஒன்றைப் பிடித்து இழுத்தான்.

இரும்புக் குழாய் வந்தது.

இனி அங்கே பேசியதெல்லாம் சிங்களத்தில். நான் தமிழில் சொல்கிறேன்; ஐயா என்கிற மாத்தயா, அம்மா என்கிற அம்மே மட்டும் அப்படியே இருக்கட்டும். அவன் இரண்டு அடி பின்னால் போய்த் துவக்கை நீட்டிக்கொண்டு, "இது என்ன?" என்று கத்தினான். இவர் குழாயைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிப் பெண்கள் வரிசையில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. கணக்குப் பிழைத்ததைக் கண்டுபிடித்த மனிதரின் பார்வை.

வேறு யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது, இந்தப் பொம்பளையின் கட்டு என்று சொல்லியிருப்பார்கள். இவர் அமைதியாகச் சொன்னார்: "அது என்னுடைய குழாய்தான். ஆனால் கரும்புக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது." அப்பழுக்கில்லாத உண்மை. உலகத்தில் அதைவிட மோசமான பொய் மாதிரிக் கேட்கிற உண்மை இருக்காது.

நான் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினேன். "நான்தான் வச்சேன், நான்தான் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். சத்தத்தில் சாவடிக்குள் இருந்து ஒரு சார்ஜன் வந்தார். நாற்பது வயது இருக்கும், தடித்த மீசை. கட்டை அவிழ்க்கச் சொன்னார். ஆறு குழாயும் தரையில் வரிசையாகக் கிடந்தன. பையைத் திறக்கச் சொன்னார். கார் வந்தது, ரிமோட் வந்தது, பற்றறி வந்தது, வயர் வந்தது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

சார்ஜன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தன்னுடையது என்று இவர் சொல்கிறார். நான் வைத்தேன் என்று நீ சொல்கிறாய். இவருக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் சொல்கிறீர்கள். எனக்கு என்ன மூளை இல்லையா?"

"மாத்தயா, இது வெளையாட்டுக் காரு. சேஸி ஒடஞ்சிருச்சு. அதுக்குத்தான் கொழா."

"விளையாட்டுக் காருக்கு என்றால் ஏன் ஒளித்தாய்?"

"கொழாயோட போனா இவரப் புடிச்சிருவீங்கன்னு பயந்தேன்."

"இப்போது பிடித்துவிட்டோமே?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் இரும்புக் கடையையும், எண்பத்து மூன்றையும், மா டின்னுக்குள் போட்ட தாலியையும், திருப்பிப் போட்ட பலகையையும், பழகிப்போச்சு மாத்தயா, கை தானா ஒளிக்குது என்பதையும் சொன்னேன். சார்ஜன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, காரைக் காட்டி, "ஓட்டிக் காட்டு" என்றார் இவரிடம்.

இவர் சட்டைக் கையை ஒழுங்காக இரண்டு மடிப்பு மடித்தார். பற்றறியைப் பொருத்தினார். காரைச் சாவடியின் மண்மூட்டைக்குக் கீழே வைத்தார். எல்லாத் துவக்கும் ஒரு ஆமை மாதிரிப் பொருளைப் பார்த்து நின்றன. ரிமோட்டை அழுத்தினார். கார் முனகிக்கொண்டு நகர்ந்தது. முதல் மூட்டையில் முன்சில்லு பிடித்தது, மெல்ல ஏறியது. இரண்டாவது மூட்டை. ஆமிக்காரர்கள் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வரிசையில் நின்ற சனமும் எட்டிப் பார்த்தது. மூன்றாவது மூட்டையில் முன்பக்கம் நிமிர்ந்து, ஏறப்போகிற நேரம், டக்கென்று ஒரு சத்தம். சேஸி இரண்டாகப் போயிற்று. முன்பாதி மூட்டையின் மேல், பின்பாதி கீழே தொங்கிக்கொண்டு, பின்சில்லு இரண்டும் காற்றில் சுற்றின.

"அனே" என்றான் கரும்பு கேட்ட பையன். ஐயோ பாவம் என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல்.

சார்ஜன் உடைந்த இரண்டு பாதியையும் கையில் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். நூல் சுற்றிய இடத்தைப் பார்த்தார். பிறகு ஒரு குழாயை எடுத்துக் காரோடு வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போய், வேறு ஒன்று வந்தது. "இது லொறி பிரேக் குழாய்" என்றார். "என் அப்பா கராஜ் வைத்திருந்தவர்."

குழாய்க்குள் ஏதாவது வைத்திருக்கிறோமா என்று பார்க்கவோ என்னவோ, ஒவ்வொன்றாக வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். நான்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஐந்தாவதில் நின்றார். ஒரு வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டினார். சிவப்புத் துரு பொலபொலவென்று கொட்டியது. ஆறாவதிலும் அப்படியே.

"இந்த இரண்டையும் யார் தெரிந்தெடுத்தது?"

இவர் கடதாசியில் கொட்டிய துருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைச் சொல்லியிருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

"வெளியே நல்லா இருக்கு. உள்ளே தின்றுபோயிருக்கு. வளைத்தால் முறியும். இரும்புக் கடை வைத்திருக்கிறேன் என்றாயே அம்மே, உள்ளே பார்க்க மாட்டாயா?"

சனத்துக்கு முன்னால் அப்படிக் கேட்டார். முப்பது வருடத் தொழில். என் மானம் பாலத்துக்குக் கீழே மகாவலியோடு போயிற்று. ஆனால் அன்றைக்கு நான் எதற்கும் தயாராக இருந்தேன். அந்த இரண்டு குழாயையும் ஆற்றங்கரைப் பக்கம் எறிந்தார்கள். எங்கள் அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார்கள். கந்தோருக்குப் போன் போட்டு இவரைப் பற்றிக் கேட்டார்கள். அது ஒரு மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் சார்ஜன் நான்கு குழாயையும் இவர் கையில் கொடுத்து, "கையில் பிடித்துக்கொண்டு போ. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி" என்றார். கரும்பை நானே பிரித்து அந்தப் பையன்களுக்குக் கொடுத்தேன். இரண்டு மட்டும் பொங்கலுக்கு மிஞ்சின.

பஸ் எப்போதோ போய்விட்டது. மஹியாவை வரைக்கும் நடந்தோம். அவர் நான்கு குழாயையும் கொடிக்கம்பம் மாதிரி நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நான் இரண்டு கரும்போடு பின்னால். நான் வாயை மூடினால்தானே. சார்ஜன் நல்ல மனுசன், கார் நல்லா ஏறிச்சு, நாளைக்கு வடை சுடுறேன் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவர் நின்றார். திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அக்கா, நீங்கள் ஒளிச்சு வச்சுத் தப்பினீங்கள். எனக்கு விளங்குது. நான் ஒண்டையும் ஒளிக்காமத்தான் இவ்வளவு காலமும் தப்பி வாறன். என்ர பை எப்பவும் திறந்துதான் இருக்கும். அது ஒண்டுதான் எனக்கு இருக்கிற காவல். அதை இண்டைக்கு எனக்குச் சொல்லாம எடுத்துப் போட்டீங்கள்."

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு வளர்ந்தவள் இல்லை. அன்றைக்கு நடுத்தெருவில் கேட்டேன். "தப்பு எம்மேலதான் சார். கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்." அவர் குழாய்களை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "சரி, வாங்கோ. வடை எண்டீங்கள், உளுந்து போட்டாச்சோ?" என்று கேட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

பொங்கலன்று காலையில் இருந்து மேல் அறையில் அரம் ராவுகிற சத்தம். குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பி வளைத்தார், அப்போதுதான் மடிப்பு விழாதாம். மூலைகளைப் பித்தளைக் கம்பி உருக்கி ஒட்டினார். நான் பொங்கல் கொண்டு போனபோது கூடு மாதிரி நின்றது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஹந்தானைக்குப் போனேன், கூடையில் வடையோடு. கறுப்புப் பாறை என்று ஒன்று இருக்கிறது, செங்குத்து. அதில் ஏழெட்டுக் கார்கள் ஏறப் பார்த்துச் சறுக்கின. இவருடையதும் இரண்டு தடவை உச்சியில் இருந்து உருண்டு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடினேன். ஒவ்வொரு தடவையும் அவர் தூக்கிப் பார்த்தார், குழாய் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் தடவை ஏறிவிட்டது. முதலில் ஏறியது பல் டொக்டருடையதுதான். அதனால் என்ன, எனக்கு வடை எல்லாம் முடிந்தது.

குருணாகல்காரர் ஒருவர் அந்தக் கூட்டைத் தடவிப் பார்த்து, என்ன குழாய், யார் தெரிந்தெடுத்தது என்று கேட்டார். இவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இல்லீங்க" என்றேன். "இந்த நாலும் சார் எடுத்தது. நான் எடுத்த ரெண்டும் பாலத்தடியில கெடக்கு." அக்குறணை நானா சிரித்த சிரிப்பில் அவர் வாயில் இருந்த வடை வெளியே வந்துவிட்டது.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார், பொங்கலுக்குப் போன் எடுப்பார். இன்றும் யாருக்காவது நல்லது என்று நினைத்து அவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்யக் கை போகும். அந்த நேரம் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டு, என் பயத்தை இன்னொருவர் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடம் ஞாபகம் வரும். மகன் கொழும்புக்குப் போகும்போது அவனுடைய பைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பதென்றாலும், இப்போது அவனைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.